சூழலமைப்புவழித் தகவமைப்பு: நாங்குநேரிக் குளங்கள்

காடு, ஈரநிலம், பவளப்பாறை போன்றவற்றைப் பேணிச் சீரமைத்து, அவற்றின் துணையோடு காலநிலை மாற்றத்தின் பாதிப்பை மக்கள் சமாளிக்கும் முறை சூழலமைப்புவழித் தகவமைப்பு எனப்படும். ஐ.நா. உயிரியற் பன்மய உடன்படிக்கையின் வல்லுநர் குழு 2009-ல் இதற்கு வரையறை தந்தது. அந்த வரையறை சொல்லும் வேலையைத் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்துக் குளங்கள் நெடுங்காலமாகச் செய்துவருகின்றன.

நாங்குநேரி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பக்கத்தில் இருக்கிறது. தாமிரபரணி வடக்கே விலகிப் போய்விடுகிறது. இங்குள்ள விவசாயம் வடகிழக்குப் பருவமழையையும், களக்காட்டு மலையிலிருந்து இறங்கும் ஓடைகளையும் சிற்றாறுகளையும் நம்பியது. ஒரு குளம் பெருகி மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் கீழ்க்குளத்துக்குப் போகும். அதுவும் பெருகினால் அடுத்ததற்கு. வெள்ளத்தின் வேகம் இப்படிப் படிப்படியாகத் தணியும். கோடையில் மடை வறண்ட பிறகும் சுற்றுக் கிணறுகளில் ஊற்று இருக்கும். குளத்தில் எடுத்த கரம்பை வயலுக்கு உரமாகும். 1950-களின் இறுதியில் கட்டப்பட்ட மணிமுத்தாறு அணையின் கால்வாய் இந்த வறண்ட பகுதிக்கும் தண்ணீர் கொண்டுவந்தது. ஆனால் அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில்தான் கடைமடைக் குளங்களுக்கு அது எட்டும்.

உலக அரங்கில் இந்தச் சிந்தனை மெதுவாகவே உருவானது. ஈரநிலங்களுக்கான ராம்சர் உடன்படிக்கை 1971-ல் கையெழுத்தானது. இந்தியா 1982-ல் சேர்ந்தது. 1992-ல் ரியோ மாநாட்டில் காலநிலைக்கு ஒன்றும் உயிரியற் பன்மயத்துக்கு ஒன்றுமாக இரண்டு உடன்படிக்கைகள் பிறந்தன. ஒரே நோயை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்தது போல இவை வெகுகாலம் வேறு வேறு வழியில் நடந்தன. 2010-ல் உயிரியற் பன்மய உடன்படிக்கையின் நகோயா மாநாடு சூழலமைப்பு வழியைக் காலநிலைத் திட்டங்களில் சேர்க்கும்படி நாடுகளைக் கேட்டது. பாரிஸ் ஒப்பந்தத்தின் 7-வது பிரிவு (2015), தகவமைப்பில் சூழலமைப்புகளுக்கும் உள்ளூர் மக்களின் அறிவுக்கும் இடம் கொடுத்தது. 2018-ல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் இதற்கான தன்விருப்ப வழிகாட்டுதல்கள் ஏற்கப்பட்டன. 2022 டிசம்பரில் வந்த குன்மிங்–மாண்ட்ரியல் உயிரியற் பன்மயச் செயற்றிட்டத்தின் 8, 11-வது இலக்குகளும் இதையே வலியுறுத்துகின்றன. தமிழக அரசு 2022-ல் தொடங்கிய ஈரநில இயக்கம் 100 ஈரநிலங்களைக் காக்க முன்வந்தது.

நாங்குநேரி வட்டத்தில் உலகப் பட்டியல் ஏறிய குளம் மூலைக்கரைப்பட்டி அருகிலுள்ள கூந்தன்குளம். 1994-ல் பறவைகள் சரணாலயமான இது, 2022 ஆகஸ்டில் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குளத்துக் கருவ மரங்களில் மட்டுமல்ல, ஊருக்குள் வீட்டோர மரங்களிலும் கூடு கட்டுகின்றன. மத்திய ஆசியாவிலிருந்து வரித்தலை வாத்துகள் வருகின்றன. பறவை வந்தால் ஊர் செழிக்கும் என்பது கூந்தன்குளத்தாரின் நம்பிக்கை. தீபாவளிக்கு இவர்கள் வெடி போடுவதில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு அள்ளிப் போடுகிறார்கள். சரணாலய அறிவிப்புக்கு முன்பே இந்தக் காவல் இருந்தது என்பதை எந்தக் கொள்கை ஆவணமும் மறக்கக் கூடாது.

ராம்சர் எல்லைக்குள் இருப்பது சுமார் 72 ஹெக்டேர். குளத்தின் உயிரோ அந்த எல்லைக்கு வெளியே, மேற்குளங்களின் மறுகாலிலும் மணிமுத்தாற்றுக் கால்வாயிலும் இருக்கிறது. தண்ணீர் வராத ஆண்டில் பட்டியலில் பெயர் இருந்தாலும் கூடு இருக்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மறுபக்கத்தையும் பார்த்தோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் குளங்கள் வரிசையாக உடைந்தன. தாமிரபரணியின் உபரி வெள்ளத்தை நாங்குநேரி, திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் திருப்பும் தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புக் கால்வாய், 2009-ல் தொடங்கி 2025 பிப்ரவரியில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. கால்வாய் தண்ணீரைக் கொண்டுவரும். தேக்கி நிறுத்துவது தூர்வாரிய குளமும் ஆக்கிரமிப்பில்லாத வரத்துக்காலும்தான்.

நிர்வாகமோ துண்டு துண்டாக இருக்கிறது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள குளங்கள் நீர்வளத்துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும், பறவைகள் வனத்துறையிடமும் உள்ளன. தாமிரபரணிப் படுகையில் 2011 முதல் நடந்துவரும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இந்தப் பிரிவினையைப் பார்ப்பதில்லை. தன்னார்வலர்கள் யாருடைய குளமானாலும் கரையில் நின்று எண்ணுகிறார்கள். 2018 வழிகாட்டுதல்கள் கேட்பதும் துறைகள் சேர்ந்து நிலப்பரப்பு முழுவதற்கும் திட்டமிடுவதைத்தான். நாங்குநேரியில் அந்த நிலப்பரப்பு என்பது முதல் குளம் தொடங்கிக் கடைசிக் குளத்தின் மறுகால் வரை.