ஒன்பது வளைவுகளும் அரைப்பேரும்

இலங்கையின் ஊவா மாகாணத்தில், எல்ல, தெமோதர ஆகிய இரண்டு ரயில் நிலையங்களுக்கு இடையே, ஒரு மலைப் பள்ளத்தாக்கைக் கடந்து நிற்கிறது ஒன்பது வளைவுப் பாலம். நீளம் 91 மீட்டர், உயரம் 24 மீட்டர். 1921இல் திறக்கப்பட்டது. எல்லவிலிருந்து தேயிலைச் சரிவுகளுக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் நடந்தே போகலாம். ரயில் வரும் நேரம் பார்த்துச் சுற்றுலாப் பயணிகள் சரிவில் காத்திருப்பார்கள். பெட்டிகள் வளைந்து பாலத்தில் ஏறும் அந்தக் காட்சிதான் இலங்கை குறித்த விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

பாலத்தைப் பற்றி அங்கே எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. முதல் உலகப் போரால் உருக்கு கிடைக்காமல் வெள்ளைக்காரப் பொறியாளர்கள் கைவிரிக்க, உள்ளூர்க்காரரான அப்புஹாமி என்பவர் கல்லையும் செங்கல்லையும் சிமெண்டையும் மட்டும் வைத்துக் கட்டிமுடித்தார் என்பது அந்தக் கதை. ரயில்வேப் பொறியாளர் மார்வுட் 1923இல் வெளியிட்ட கட்டுரையோ இதைக் கான்கிரீட் பாலம் என்கிறது. கட்டிய பெருமை வெள்ளைக்காரருக்கா, உள்ளூர்க்காரருக்கா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. இரு தரப்பிலும் பேசப்படுவது ஆண்களின் பெயர்கள். இந்தப் பாலம் ஏன் தேவைப்பட்டது, அதற்கான பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் பெண்கள் கண்ணுக்குத் தெரிவார்கள்.

இலங்கையின் மலைநாட்டு ரயில் பாதை தோட்டப் பயிரைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போடப்பட்டது. 1867இல் கண்டியை எட்டிய பாதை 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும், இந்தப் பாலத்தைக் கடந்து 1924இல் பதுளையையும் அடைந்தது. இடையில் பயிரே மாறிவிட்டது. 1869இல் தொடங்கிய இலைநோய் காப்பித் தோட்டங்களை அழித்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. காப்பி பருவகாலப் பயிர். அறுவடைக்கு ஆண்கள் கூட்டமாகப் போய்ச் சில மாதங்களில் ஊர் திரும்பினார்கள். தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ள வேண்டும். அதனால் தோட்டங்களுக்குக் குடும்பத்தோடு நிலைத்திருக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். எல்லாரையும்விட அதிகமாகத் தேவைப்பட்டவர்கள், ஆண்களைவிடக் குறைந்த கூலிக்குக் கொழுந்து பறிக்கும் பெண்கள்.

அவர்கள் போனது நம் ஊர்களிலிருந்துதான். திருச்சி, சேலம், இராமநாதபுரம், மதுரை ஆகிய பழைய மாவட்டங்களில் கங்காணிகள் ஆள் பிடித்தார்கள். எங்கள் ஆத்தூர் உட்பட இன்றைய திண்டுக்கல் மாவட்டம் முழுவதும் 1985 வரை மதுரை மாவட்டத்தில் இருந்தது. கங்காணி முன்பணம் கொடுத்து அழைத்துப்போவார். போய்ச் சேர்வதற்குள் அது கடனாகிவிடும். அந்தக் கடனை ஒரு சீட்டில் எழுதி வைப்பார்கள். அதற்குப் பெயர் துண்டு. இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால், துண்டில் உள்ள தொகையைப் புதிய தோட்டம் கட்ட வேண்டும். ஆள் கைமாறுவதும் கடன் கைமாறுவதும் ஒன்றுதான். துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது 1921இல், பாலம் திறக்கப்பட்ட அதே ஆண்டில். பாலத்தின் ஆண்டைச் சொல்லாத பயணக் கையேடு கிடையாது. துண்டைப் பற்றிச் சொல்லும் கையேடு எதுவும் என் கண்ணில் படவில்லை.

மலையகத் தோட்டங்களில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. குறித்த எடைக்குக் கொழுந்து பறித்தால் ஒரு பேர். எடை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. விடியுமுன் லயத்தில் அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று பறித்துவிட்டு வரும் பெண்ணுக்குக் கணக்கப்பிள்ளையின் தராசு அரைப்பேர் போடும். முழுப்பேர் விழுந்தாலும் அது ஆணின் பேருக்குச் சமமில்லை. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் உயர்மலைத் தோட்டங்களுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறாருக்கு 32 சதம். பெண்ணின் உழைப்பு மலிவானது என்பதை அரசே எழுதிக் கையெழுத்திட்டது. சம கூலி வந்தது 1984இல், தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. அதன் பின்னும் பல தோட்டங்களில் மனைவியின் சம்பளத்தைக் கணவரே கைநீட்டி வாங்கும் வழக்கம் தொடர்ந்தது.

கூலியில் அரைப்பேர் என்றால், குடியுரிமையில் அதுவும் இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டப்படி, இலங்கையில் பிறந்த ஒருவர் குடிமகனாக வேண்டுமானால் அவருடைய தந்தை அங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்று சட்டம் கேட்கவே இல்லை. லயத்தில் பிறந்து, அதே லயத்தில் பிள்ளை பெற்று, அந்த மண்ணிலேயே புதைக்கப்பட்ட பெண்களின் வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் அது ஆதாரமாகவில்லை. ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1931இல் இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தபோது அதைப் பெற்ற தோட்டப் பெண்களும் இருந்தார்கள். 1949இல் அவர்கள் அதையும் இழந்தார்கள். இதை இனப் பாகுபாடு என்று நம் வரலாற்று நூல்கள் சரியாகவே சொல்கின்றன. அந்தப் பாகுபாடு தந்தைவழி என்னும் கருவியால் செய்யப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. பாட்டி அங்கே, பேத்தி இங்கே என்று குடும்பங்கள் உடைந்தன. தாயகம் திரும்புவோரை ஏற்றிச்சென்ற ரயிலை மலையக மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றார்கள். பதுளைப் பக்கத் தோட்டங்களிலிருந்து ரயிலேறியவர்கள் இந்த ஒன்பது வளைவுகளைக் கடந்துதான் தலைமன்னாருக்குப் போயிருக்க வேண்டும். இன்று பயணிகள் கையசைக்கும் அதே ஜன்னல்களில் அன்று, ஒரு முறைகூடப் பார்த்திராத ‘சொந்த ஊருக்கு’ப் போகும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களில் பலர் மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கும், ஆத்தூருக்கு மேற்கே நீளும் பழனி மலைக்கும் வந்து சேர்ந்தார்கள். கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் வேலையிலும் காய்கறித் தோட்டங்களிலும் மறுபடி கூலிகளானார்கள். முன்பணம், கடன், ஒப்பந்தக்காரர் என்று கங்காணிக் காலம் வேறு பெயரில் திரும்பியது. அங்கே ‘இந்தியாக்காரி’ என்று ஏசப்பட்டவளை இங்கே ‘சிலோன்காரி’ என்றோம்.

2003இல் இலங்கைச் சட்டம் திருத்தப்பட்டு, தாய்வழியாகவும் குடியுரிமை பெறலாம் என்றானது. 1948இல் அந்த ஒரு சொல் இருந்திருந்தால் அந்தக் கோச்சியில் எத்தனை பேர் ஏறாமல் இருந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தானபோது 10 வயதாக இருந்த சிறுமிக்கு இன்று 70 வயதுக்கு மேல். கொடைக்கானல் மலைக் குடியிருப்புகளில் அத்தகைய பெண்கள் இருக்கிறார்கள். ஆத்தூரிலிருந்து எல்லவுக்குப் போவதைவிட அவர்கள் வீட்டு வாசலுக்குப் போவது எளிது. எந்தத் தோட்டம், எத்தனை பேர் விழுந்தது, யாரை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று அவர்களைக் கேட்டு எழுதிவைக்க, இன்னும் சில ஆண்டுகளே மிச்சம் இருக்கின்றன.