நெக்ஸஸ் (புதினம்)

நெக்ஸஸ் என்பது ரமேஸ் நாம் எழுதிய முதல் புதினம். 2012 டிசம்பரில் ஆங்ரி ரோபாட் பதிப்பகம் இதை ஆங்கிலத்தில் வெளியிட்டது. கதை நடக்கும் ஆண்டு 2040; களங்கள் சான் பிரான்சிஸ்கோவும் பாங்காக்கும். விழுங்கியதும் மூளைக்குள் தங்கி, ஒருவர் எண்ணத்தையும் உணர்ச்சியையும் இன்னொருவருக்குக் கடத்தும் நானோ மருந்தின் பெயர்தான் நூலுக்கும். படித்து முடித்த பிறகு நினைவில் நிற்பவர்களோ, மரபணு மாற்றப்பட்ட படைவீரர்கள்தாம். க்ரக்ஸ் (2013), ஏபெக்ஸ் (2015) ஆகியவை இதன் தொடர்ச்சி.

ஆசிரியரும் பின்னணியும்

ரமேஸ் நாம் எகிப்தின் கெய்ரோவில் பிறந்து, மூன்று வயதில் அமெரிக்காவுக்கு வந்தவர். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பதின்மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தார்; அவுட்லுக், இன்டர்நெட் எக்ஸ்புளோரர், பிங் ஆகியவற்றில் அவருக்குப் பங்கு உண்டு. புதினம் வெளிவருவதற்கு ஏழாண்டுகள் முன்பே, 2005இல், உடலையும் மூளையையும் உயிரியல் வழியில் மேம்படுத்துவதை ஆதரித்து 'மோர் தேன் ஹியூமன்' என்ற கட்டுரை நூலை வெளியிட்டிருந்தார். நெக்ஸஸின் வேர் அந்த நூலில் இருக்கிறது. அது வெளிவந்த காலத்து ஆய்வகங்களைத் தெரிந்துகொண்டால்தான் இந்தப் புதினத்தின் வீரர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது விளங்கும்.

1990 செப்டம்பரில் அமெரிக்காவின் பெதஸ்டாவில் நான்கு வயதுச் சிறுமிக்கு, நோய் எதிர்ப்பாற்றல் குறைபாட்டுக்காக, அனுமதி பெற்ற முதல் மரபணு சிகிச்சை அளிக்கப்பட்டது. 1997இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சே-ஜின் லீ குழுவினர் மயோஸ்டாட்டின் என்ற மரபணுவை முடக்கினார்கள். தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மரபணு அது. கடிவாளம் போனதும் எலிகளின் தசை மடங்குக் கணக்கில் பெருத்தது. பெல்ஜிய நீல மாடுகளின் பிதுங்கிய தொடைக்கும் அதே மரபணுவின் பழுதுதான் காரணம் என்பதும் அப்போது தெரியவந்தது. அடுத்த ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லீ ஸ்வீனி, தசையை வளர்க்கும் மரபணு ஒன்றைத் தீங்கற்ற வைரஸில் ஏற்றி எலிகளின் காலில் செலுத்தினார். இளம் எலிகளுக்குத் தசை 15 விழுக்காடு கூடியது. கிழ எலிகளுக்கு வழக்கமான தளர்ச்சி வரவில்லை. நடிகர் ஷ்வார்ஸ்நேகரின் பெயரைப் பத்திரிகைகள் அந்த எலிகளுக்குச் சூட்டின. ஸ்வீனி தேடியது தசைச் சிதைவு நோய்க்கும் முதுமைக்கும் மருந்து. அவர் தொலைபேசியில் வந்தவர்களோ விளையாட்டு வீரர்கள். பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் தம் அணி முழுவதற்கும் ஊசி போட்டுத் தர முடியுமா என்றே கேட்டாராம். உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமை 2003இல் மரபணு ஊக்கத்தைத் தடை செய்தது. விளையாட்டுத் திடலுக்குத்தான் இந்தத் தடை; போர்க்களத்தைப் பற்றி அதில் பேச்சில்லை.

வகைமை

மேம்படுத்தப்பட்ட வீரன் என்ற கற்பனை பழையது. 1941இல் வந்த கேப்டன் அமெரிக்காவுக்கு ஒரு ஊசி போதுமாக இருந்தது. 1967இல் ஸ்டார் டிரெக் தொடரில் வந்த கான் நூனியன் சிங், தேர்ந்த இனப்பெருக்கத்தில் உருவான சர்வாதிகாரி. நெக்ஸஸைச் சிலர் சைபர்பங்க் என்பார்கள். அது பொருந்தாது. சைபர்பங்கில் நிறுவனங்கள் அரசுகளை விழுங்கியிருக்கும்; இங்கே எல்லாப் பிடியும் அரசின் கையில். இது உளவுக் கதைதான்.

கதை

கேடன் லேன், சுருக்கமாகக் கேட், நரம்பியல் ஆய்வு மாணவன். அவனும் ரங்கன் சங்கரி உள்ளிட்ட நண்பர்களும் தடை செய்யப்பட்ட நெக்ஸஸின் மேல் ஓர் இயங்குதளத்தை எழுதி, அதை மூளைக்குள் நிரந்தரமாகத் தங்க வைக்கிறார்கள். அதில் 'புரூஸ் லீ' என்றொரு நிரல் உண்டு. இயக்கிவிட்டால் கேடின் கைகால்கள் தாமாகவே சண்டை போடும். ஆனால் அரசு முகவர் சமந்தா கட்டரானஸ் வந்து நிற்கும்போது அந்த வித்தை எடுபடுவதில்லை. நிரலுக்கு அடி எங்கே விழ வேண்டும் என்று தெரியும். மேசையில் உட்கார்ந்தே வளர்ந்த உடம்புக்கு அதைப் போடத் தெம்பில்லை. சமந்தாவின் உடம்போ அரசுச் செலவில் மாற்றியமைக்கப்பட்டது.

பிடிபட்ட கேடை, நண்பர்களின் சிறைவாசத்தைக் காட்டி மிரட்டிப் பாங்காக் மாநாட்டுக்கு அனுப்புகிறார்கள். சீன விஞ்ஞானி சூ-யோங் ஷூவை உளவு பார்ப்பது அவன் வேலை. ஷூவின் காரோட்டி ஃபெங், ஒரே அச்சில் வார்த்த 'கன்ஃபூசியன் ஃபிஸ்ட்' நகலுயிர் வீரர்களில் ஒருவன். கீழ்ப்படிதலையும் சேர்த்தே அவனை வடிவமைத்திருந்தார்கள். அதிலிருந்து அவனை விடுவித்தவர் ஷூ. கேடின் நண்பன் வாட்ஸ் கோல், கடற்படைக் காலாட்படையில் உடல் மேம்பாடு பெற்றவன். கசகஸ்தானில் சிறைப்பட்டபோது அவனுக்கு நெக்ஸஸ் கொடுக்கப்பட்டது. எதிரியின் துயரம் அவன் தலைக்குள் புகுந்தது. அதன் பிறகு அவனால் துப்பாக்கிக்குத் திரும்ப முடியவில்லை.

குடிமகன் தன் மூளையில் செய்துகொண்டால் குற்றமாவதை, அரசு தன் வீரனின் உடலில் செய்தால் கடமை என்கிறது. சமந்தா, ஃபெங், வாட்ஸ் மூவரும் இந்த முரண்பாட்டின் மூன்று முகங்கள். தொழில்நுட்பம் யார் கையிலும் இருக்கலாம் என்ற ஆசிரியரின் கட்சி நூல் நெடுகத் தெரிகிறது. தடை கேட்போர் வாதத்துக்கு அவ்வளவு இடமில்லை. சமந்தாவின் சிறுவயதை ஒரு மதக் கும்பலின் மூளை வைரஸ் சிதைத்த பகுதியில் மட்டும் அந்த வாதம் வலுவாக ஒலிக்கிறது. சண்டைக் காட்சிகள் சில இடங்களில் நீளம்.

வரவேற்பு

நெக்ஸஸ் 2014ஆம் ஆண்டுப் புரோமீதியஸ் விருதைக் கோரி டாக்டரோவின் 'ஹோம்லேண்ட்' நூலுடன் பகிர்ந்துகொண்டது. அதே ஆண்டு ஆர்தர் சி. கிளார்க் விருதின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஏபெக்ஸ் ஃபிலிப் கே. டிக் விருது பெற்றது. ரமேஸ் நாம் பின்னர் எரிசக்தி, பருவநிலைத் துறைகளுக்குப் போய்விட்டார்.

நூலில் வரும் வீரர்களைப் பற்றிய கேள்வி புனைவோடு நிற்கவில்லை. 2020 டிசம்பரில் பிரான்சின் படைத்துறை அறநெறிக் குழு, வீரர்களின் உடல் ஆற்றலைக் கூட்டும் ஆய்வைத் தொடரலாம் என்றது. குடிமை வாழ்வுக்குத் திரும்ப முடியாமல் செய்யும் மாற்றங்களை விலக்கி வைத்தது.