சப்பிரகமுவவும் ஐரோப்பிய நகரங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழர் ஐரோப்பாவிற்கு மேற்கொண்ட பயணங்களின் வரலாறு, பெரும்பாலும் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் சார்ந்த உயர்குடும்பங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. சேர் முத்துக்குமாரசுவாமி 1862 இல் இங்கிலாந்து சென்றமையும், 1863 இல் இலண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டராக ஏற்றுக்கொள்ளப்பட்டமையும், அதே ஆண்டில் அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டமையும் பலரும் அறிந்தவையே. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களுக்கு இவ்வரலாற்றில் இடமில்லை. லயங்களில் வாழ்ந்தோர் நகரங்களையும் நூதனசாலைகளையும் கண்டு வந்து பயண நூல் எழுதும் நிலையில் இருந்தவரல்லர். ஆயினும், அவர்கள் வாழ்ந்த மாகாணத்தின் மண்ணிலிருந்து ஒரு கனிப்பொருள் ஐரோப்பாவிற்குச் சென்றது. ஐரோப்பாவின் பூங்காவொன்றிலிருந்து ஒரு மரம் அம்மண்ணிற்கு வந்தது. மனிதரின் பயணங்களைக் காட்டிலும் இவ்விரு பயணங்களே சப்பிரகமுவவின் வரலாற்றை மிகுதியும் மாற்றின எனல் தகும்.

முதலாவது பயணத்தோடு தொடர்புடையவர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி. 1877 இல் கொழும்பிற் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட இவர், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று 1900 இல் பட்டம் பெற்றார். இன்று கலை வரலாற்றறிஞராகவே நினைக்கப்படும் இவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் பணிப்பாளராக விளங்கியவர் என்பதை நம்மவர் எளிதில் மறந்துவிடுகின்றனர். பலாங்கொடைப் பகுதியில் மாணிக்கக் கல் தேடுவோர் அரித்தெடுக்கும் சரளைக் கற்களிடையே பாரமிக்க, கரிய, கனசதுர வடிவான படிகங்கள் காணப்பட்டன. அவை இலண்டனிலுள்ள இம்பீரியல் நிறுவனத்திற்கு அனுப்பப்பட்டன. அங்கு வின்டம் டன்ஸ்ரன் 1904 இல் அவற்றை ஆராய்ந்து, தோரியம் மிகுந்திருந்தமையால் 'தோரியனைற்று' எனப் பெயரிட்டார். மாணிக்கத்தைத் தேடியவன் பயனற்றதென ஒதுக்கியிருக்கக் கூடிய கல் அது!

அன்றைய ஐரோப்பிய நகரங்களின் வீதிகளையும் மாளிகைகளையும் ஒளியூட்டிய வாயு விளக்குகளுக்குத் தோரியம் இன்றியமையாததாயிருந்தது. வியன்னாவைச் சேர்ந்த அவுவர் வொன் வெல்ஸ்பாக் கண்டுபிடித்த விளக்கு வலையின் பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டே. (பிற்காலத்தில் இத்தேவைக்குத் திருவிதாங்கூர்க் கடற்கரையின் மோனசைற்று மணலும் பயன்பட்டது.) விளக்கொளியோடு இக்கனிப்பொருளின் கதை முடியவில்லை. குமாரசுவாமி கற்ற அதே இலண்டன் கல்லூரியில் வேதியியற் பேராசிரியராயிருந்த வில்லியம் இராம்சே, இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெறப்பட்ட பேரியம் உப்பை ஒட்டோ ஹான் என்னும் ஜேர்மனிய இளைஞரிடம் கொடுத்து, அதிலிருந்து இரேடியத்தைப் பிரித்தெடுக்குமாறு பணித்தார். ஹான் கண்டதோ, 1905 இல் 'ரேடியோதோரியம்' எனப் பெயர்பெற்ற புதியதொரு கதிரியக்கப் பொருள். தொழிற்சாலையொன்றில் வேலை தேடும் எண்ணத்துடன் ஆங்கிலம் பயில வந்தவரை இக்கண்டுபிடிப்பே கதிரியக்க ஆய்வின்பால் திருப்பியது. 1938 இல் பேர்லினில் யுரேனியம் அணுவின் பிளவை வெளிப்படுத்திய சோதனையை ஸ்ராஸ்மனோடு சேர்ந்து நிகழ்த்தியவரும் இந்த ஹானே. 1944 ஆம் ஆண்டிற்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

இரண்டாவது பயணம் எதிர்த்திசையில் நிகழ்ந்தது. ஹென்றி விக்கம் அமேசன் காடுகளிற் சேகரித்த ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகள் 1876 ஜூனில் இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரவியற் பூங்காவை அடைந்தன. முளைத்தவை மிகச் சிலவே. நூற்றுக்கு நான்கு வீதம் கூட இல்லை. அவற்றுள் 1,919 கன்றுகள் 38 கண்ணாடிப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு அவ்வாண்டு ஓகஸ்டில் இலங்கைக்குக் கப்பலேற்றப்பட்டு, ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. கியூவைக் காணச் செல்லும் பயணிகள் அதன் கண்ணாடி மாளிகைகளின் அழகை வியப்பர். அம்மாளிகைகள் பேரரசின் நாற்றுமேடைகளாகவும் விளங்கின என்பதைக் கேகாலை மாவட்டத்தின் எந்த இறப்பர் தோட்டமும் எடுத்துக்காட்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகி இறப்பரின் விலை உயரவே, சப்பிரகமுவவின் தாழ்ந்த மலைச்சாரல்கள் விரைந்து இறப்பர்க் காடாயின. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை 1903 இல் எட்டியாந்தோட்டையையும், 1912 இல் இரத்தினபுரியையும், 1919 இல் ஓப்பநாயக்கவையும் எட்டியது. தமிழகத்தின் வரண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டோரும் அயற்கிராமச் சிங்களவரும் இங்கு பால்வெட்டினர். விடியுமுன் எழுந்து, பட்டையைச் சீவி, சிரட்டையில் வடியும் பாலைச் சேகரித்து நிறுவைக்குக் கொண்டுசெல்லும் அத்தொழிலே ஐரோப்பிய நகரங்களின் வீதிகளில் ஓடிய சக்கரங்களுக்கு மூலமாயிற்று.

அத்தொழிலாளரின் பயண வரலாறு வேறு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. நாடற்றவனுக்குக் கடவுச்சீட்டு ஏது? 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974 இல் இரு நாடுகளாலும் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். பண்டங்களைப் பங்கிடும் கணக்கினும் இது வேறானதன்று. பலருக்கு வாழ்நாளிற் கிட்டிய ஒரே கடற்பயணம் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வரையிலானதே. 1977 இலும் 1981 இலும் நிகழ்ந்த வன்செயல்களின் பின் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களை விட்டு வவுனியாப் பக்கம் சென்று குடியேறியோரும் உளர்.

எஞ்சியிருந்த நாடற்றோருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் நிறைவேறியது. ஹெனரத்கொடையில் கியூவின் கன்றுகள் ஊன்றப்பட்டு அப்போது 127 ஆண்டுகள் ஆகியிருந்தன.