‘செம்மீன்’ திரைப்படத்தின் புகழும் கடற்கரை வரலாறும்

முன்னுரை

மலையாளத் திரைப்பட வரலாற்றில் பெரும்புகழ் பெற்ற படங்களுள் ஒன்று ‘செம்மீன்’. ஓணத் திருநாள் அமையும் சிங்க மாதத்தின் தொடக்கத்தில், 1965 ஆகஸ்ட் 19ஆம் நாள் அது வெளிவந்தது. அவ்வாண்டின் சிறந்த இந்தியத் திரைப்படத்திற்கான குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது. அப்பதக்கத்தைப் பெற்ற முதல் தென்னிந்தியப் படம் அதுவே. நிறைவேறாக் காதலின் கதையாக அதனை நேசித்தோர் பலர். கேரளக் கடற்கரை மக்களின் வாழ்வைக் காட்டும் சான்றாக அதனை ஏற்றுக்கொண்டோரும் பலர். தமிழ் வாசகர்க்கும் இக்கதை அயலானதன்று. தகழி சிவசங்கரப் பிள்ளை 1956இல் எழுதி, 1957ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற மூலநாவலைச் சுந்தர ராமசாமி தமிழாக்கியுள்ளார். படத்திற்கு வாய்த்த புகழ் தகுதியானதுதானா, தகுதியானதெனில் அதன் எக்கூறுக்குத் தகும் என்பதை மட்டாஞ்சேரியின் வணிகப் பின்னணியிலும் நெய்தல் மரபின் துணைகொண்டும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டாஞ்சேரி வணிகமும் படத்தின் தோற்றமும்

கொச்சியின் பழைய வணிகப் பகுதியாகிய மட்டாஞ்சேரி, மிளகு, இஞ்சி ஆகியவற்றின் சந்தையாக அறியப்பட்டது. கொங்கணிகள், யூதர்கள், குஜராத்திகள், கச்சி மேமன்கள், தமிழர்கள் எனப் பல குடியினர் அங்கு வாழ்ந்தனர். ‘சேட்டு’ என்பது அவர்களுள் மேமன் வணிகர்க்கு வழங்கும் பட்டப்பெயர். ‘செம்மீன்’ படத்தைக் கண்மணி பிலிம்ஸ் என்னும் பெயரில் தயாரித்த இளைஞர் பாபு இஸ்மாயில் சேட்டும் இப்பட்டப்பெயரைத் தாங்கியவரே. கடலோர முஸ்லிம் வியாபாரி ஒருவன் முதலீடு செய்து இழக்கும் கதைக்குச் சேட்டு ஒருவரே முதலீடு செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

படத்தின் பெயரும் வணிகத்தோடு தொடர்புடையது. செம்மீன் என்பது மலையாளத்தில் இறாலைக் குறிக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் கேரளக் கடற்கரையில் உலர்த்திய இறால் பர்மாவிற்கு ஏற்றுமதியாயிற்று. 1953இல் கொச்சியிலிருந்து உறையவைத்த இறால் அமெரிக்காவிற்கு அனுப்பப்பட்டபோது இவ்வணிகம் புதிய கட்டத்தை எய்தியது. ஏழையின் உணவாகவும் உலர்மீனாகவும் இருந்த இறால், அந்நியச் செலாவணி ஈட்டும் பொருளாயிற்று. நாவல் எழுதப்பட்டதும் படம் எடுக்கப்பட்டதும் இம்மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்தில்தான் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

முற்பாதி: தோணியும் கடனும்

கதையின் முற்பாதியை இயக்குவது காதல் அன்று, கடனே. சொந்தமாகத் தோணியும் வலையும் வாங்க வேண்டும் என்பது செம்பன்குஞ்ஞுவின் வேட்கை. அதற்குரிய பணத்தை அவன் மகள் கருத்தம்மாவை விரும்பும் பரீக்குட்டி தருகிறான். கிடைக்கும் மீனைத் தனக்கே விற்க வேண்டும் என்பது பரீக்குட்டியின் எதிர்பார்ப்பு. தோணி கைக்கு வந்ததும் செம்பன்குஞ்ஞு சொல் தவறுகிறான். பரீக்குட்டி நொடிந்து போகிறான். முன்பணம் கொடுத்து மீன்பாட்டின் மீது உரிமை கொள்வது கடற்கரை வணிகத்தில் நெடுங்காலம் வழங்கிய நடைமுறையாகும். உழைப்பவன் உடைமையாளனாக மாறும்போது அவனிடம் நேரும் மாற்றத்தைக் கொட்டாரக்கரை ஸ்ரீதரன் நாயரின் நடிப்பு நுட்பமாகப் புலப்படுத்துகிறது. இப்பகுதியில் படம் கடற்கரையின் பொருளியலை நேர்மையாகவே அணுகுகிறது எனலாம்.

பிற்பாதி: கற்பும் கடலம்மையும்

கருத்தம்மா பழனியை மணந்து வேற்றூர் சென்ற பின்னர்க் கதையின் திசை மாறுகிறது. கரையிலிருக்கும் மனைவியின் கற்பே கடலில் இருக்கும் கணவனின் உயிரைக் காக்கிறது. அவள் தவறினால் கடலம்மை அவனைக் கொண்டுபோவாள் என்னும் நம்பிக்கை முன்னிலை பெறுகிறது. ஊராரின் அலர் பழனியைத் தோணியிலிருந்து விலக்குகிறது. அவன் தனியனாய்க் கடலுக்குச் செல்கிறான். ஓரிரவில் கருத்தம்மா பரீக்குட்டியைச் சந்திக்கும்போது பழனி தூண்டிலில் சிக்கிய சுறாவுடன் போராடிச் சுழியில் மறைகிறான். கரையில் காதலர் இருவரும் பிணமாகக் கிடக்கின்றனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் மாறிமாறிக் காட்டும் படத்தொகுப்பு அவற்றைக் காரண காரியமாகப் பிணைத்துவிடுகிறது. நாவலைப் படிப்பவர் இதனைத் தற்செயல் என்று கருதவும் இடமுண்டு. திரையில் அவ்விடம் குறுகிவிடுகிறது. வாக்குத் தவறிய தந்தையின் வீழ்ச்சி மனித நிகழ்ச்சிகளால் விளைகிறது. கடலின் தண்டனையோ பெண்ணின் நெஞ்சத்தை நோக்கியே வருகிறது. பணத்தில் தொடங்கிய குற்றம் கற்பில் வந்து தீர்க்கப்படுகிறது. பார்வையாளர் கண்ணீர் வடிப்பது இவ்விடத்தில்தான். படத்தின் கருத்து வலுவிழப்பதும் இவ்விடத்தில்தான்.

இயக்குநர் ராமு காரியாட்டின் முந்தைய படமொன்றை ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். 1954இல் பி. பாஸ்கரனுடன் இணைந்து அவர் இயக்கிய ‘நீலக்குயில்’ படத்தில் கைவிடப்பட்ட பெண் நீலி இறக்கிறாள். ஆயினும் அங்குக் குற்றவாளியாக நிறுத்தப்படுவோர் அவளைக் கைவிட்ட ஆடவனும் அவன் சார்ந்த சாதிச் சமூகமுமே ஆவர். பதினோராண்டுகளுக்குப் பின்னர் வந்த ‘செம்மீன்’ அத்தெளிவிலிருந்து பின்வாங்கியுள்ளது.

நெய்தல் மரபோடு ஒப்பீடு

இரங்கல் நெய்தலின் உரிப்பொருள் என்பது தமிழ் இலக்கண மரபு. அவ்வகையில் ‘செம்மீன்’ நெய்தல் திணைக்குரிய படமே. ஆயினும் சங்கப் பரதவர் வாழ்வில் கடலின் இடர் பெண்ணின் ஒழுக்கத்தோடு பிணைக்கப்படவில்லை. குறுந்தொகை 269ஆம் பாடலில், சுறா தாக்கிய புண் ஆறியதும் தந்தை மீண்டும் கடலுக்குச் செல்கிறான். தாய் உப்பை விற்று நெல் கொணர உப்பளத்திற்குச் செல்கிறாள். அவ்வேளையில் தலைவன் வந்தால் தன்னை எளிதிற் காணலாம் என்று தலைவி கருதுகிறாள். சுறாவின் தாக்குதல் இங்குத் தொழிலின் இடர் மட்டுமே. களவொழுக்கம் பூண்ட மகளின் மீது எப்பழியும் சுமத்தப்படவில்லை. தாயும் குடும்பப் பொருளாதாரத்தில் பங்குடையவளாகவே காட்டப்படுகிறாள். பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபடும் செய்தி உண்டு. அவ்வழிபாட்டிலும் மனைவியின் கற்பு நிபந்தனையாகக் கூறப்படவில்லை.

கற்பின் ஆற்றலைப் பேருருவாகக் காட்டும் காப்பியம் சிலப்பதிகாரம். அதன் வஞ்சிக் காண்டம் சேரநாட்டைக் களமாகக் கொண்டது. அக்காப்பியத்தில் கண்ணகியின் கற்பு அரசனின் அநீதியை எரிக்கும் ஆற்றலாக வெளிப்படுகிறது. ‘செம்மீன்’ படத்திலோ கற்பு அநீதிக்கு எதிராக எழவில்லை. பெண்ணையும் அவளைச் சார்ந்தோரையும் அழிக்கும் விதியாகச் சுருங்கிவிடுகிறது. எனவே இதனைத் தொன்மையான கடற்கரை மரபின் இயல்பான தொடர்ச்சி என்று கொள்வதற்குச் சங்க இலக்கியம் துணை நிற்கவில்லை.

படம் காட்டாத கடற்கரை

படம் எடுக்கப்பட்ட காலத்தில் கேரள மீனவரின் வாழ்வை மாற்றிய ஆற்றல்கள் வேறு. 1953இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்திய-நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன்வழி விசைப்படகுகள் புழக்கத்திற்கு வந்தன. அறுபதுகளில் இறாலை நாடி இழுவைமடிகள் கடலில் இறங்கின. கடலோடும் மரபில்லாத முதலீட்டாளரும் இத்தொழிலுக்குள் வந்தனர். தோணி மீனவர்க்கும் விசைப்படகினர்க்கும் இடையே எழுந்த பூசல் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் போராட்டமாக வளர்ந்தது. மழைக்கால இழுவைமடித் தடையைக் கேரள அரசு 1988 முதல் நடைமுறைப்படுத்தியது. இறாலின் பெயரைத் தாங்கிய படத்தில் இம்மாற்றத்தின் நிழல்கூட விழவில்லை.

ஒரு காதற்கதை பொருளியல் வரலாற்றைக் கூறியே ஆகவேண்டும் என்பதில்லை. படைப்பாளி தான் விரும்பும் தொன்மத்தைக் கையாளும் உரிமையும் மறுக்கத்தக்கதன்று. இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. நாட்டிகைக் கடற்கரையில் இயல்பான சூழலில் எடுக்கப்பட்ட காட்சிகள், புனைவிற்கும் ஆவணத்தின் நம்பகத்தன்மையைத் தந்துவிட்டன. அதனால் கற்புத் தொன்மம் ஒரு மக்கள் பிரிவின் வாழ்முறையாகவே வெளியுலகிற்கு அறிமுகமாயிற்று. கூடை சுமந்து மீன் விற்றுக் குடும்பம் காத்த பெண்களின் உழைப்பு அதனால் பின்தள்ளப்பட்டது.

கலைச்சிறப்பு

மலையாளத்தின் முதல் வண்ணப்படம் என்று ‘செம்மீன்’ கூறப்படுவதுண்டு, அது பிழை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் 1961இல் வெளியிட்ட ‘கண்டம் பெச்ச கோட்டு’ அதற்கு முந்தையது. எனினும் கடலை வண்ணத்தில் உயிர்ப்புடன் காட்டிய பெருமை ‘செம்மீன்’ படத்திற்கே உரியது. ‘மாயா பஜார்’ படத்திற்கு ஒளிப்பதிவு செய்த மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு, வங்காளத்தைச் சேர்ந்த சலில் சௌத்ரியின் இசை, வயலார் ராமவர்மாவின் பாடல்கள், ஹிருஷிகேஷ் முகர்ஜியின் படத்தொகுப்பு எனப் பல மொழியினரின் திறன் இதில் ஒன்றுசேர்ந்தது. சத்யன், ஷீலா, மது ஆகியோரின் நடிப்பும் மறக்கவியலாதது. பரீக்குட்டியின் பாடல் பிரிவின் குரலாக இன்றும் நினைவுகூரப்படுவது வெறும் பழமைப் பற்றினால் அன்று.

முடிவுரை

மேற்கண்டவற்றால் ‘செம்மீன்’ பெற்ற புகழை இரு கூறாகப் பிரித்து நோக்க வேண்டும் என்பது பெறப்படுகிறது. ஒளிப்பதிவு, இசை, நடிப்பு ஆகியவற்றாலும் கடன், தோணி, பேராசை ஆகியவற்றைக் கையாண்ட முற்பாதியாலும் அது தன் புகழுக்கு முழுத் தகுதி உடையது. கடற்கரை மக்களின் வாழ்வைக் காட்டும் சான்று என்னும் பெயருக்கு அதன் பிற்பாதி தகுதியுடையதன்று. கருத்தம்மாவிற்காக இரங்குவது இயல்பு. அவ்விரக்கம் அவளை அழித்த விதியை உண்மை என்று ஏற்கச் செய்தல் ஆகாது. நெய்தல் நிலம் சார்ந்த தற்காலப் படைப்புகளை ஆராய்வோர், பெண்ணின் கற்பைப் பேசும் இடங்களைப் போலவே மீனின் விலையைப் பேசும் இடங்களையும் கருத்திற்கொண்டால், இப்படத்தைப் போலப் பெரிதும் நேசிக்கப்பட்ட பிற படைப்புகளும் புதிய பொருள் தரும்.