இரைச்சல் என்று நினைத்த உயிர்

1980-களின் நடுப்பகுதி. அட்லாண்டிக் கடலில் ஓர் ஆய்வுக் கப்பல். இரத்த அணுக்களை எண்ணப் பயன்பட்ட ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற லேசர் கருவியைக் கொண்டு கடல்நீரில் உள்ள நுண்பாசிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியை சாலி சிஷமும் அவருடைய சகா ராபர்ட் ஓல்சனும். திரையின் ஓரத்தில் மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. கருவியின் இரைச்சல் என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

ஆனால் ஆழத்திலிருந்து எடுத்த நீரில் அந்தப் புள்ளிகள் பிரகாசமாகிக்கொண்டே போயின. இரைச்சலுக்கு ஆழம் தெரியுமா என்ன? அது ஓர் உயிர்! வெளிச்சம் குறையக் குறையப் பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும் பாக்டீரியா. 1988-ல் 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். பிறகு அதற்குப் புரோகுளோரோகாக்கஸ் என்று பெயர் வந்தது. ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் 1 லட்சம் வரைகூட இருக்கும். உலகில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் எண்ணிக்கையில் முதலிடம் இதற்குத்தான்.

சிஷம் அதன்பின் இந்த ஒரே உயிரைப் பிடித்துக்கொண்டார். 2003-ல் அவரது குழு இரண்டு வகைகளின் ஜீனோமை வெளியிட்டது. கடலின் மேல்மட்டத்தில் வாழும் வகைக்குச் சுமார் 17 லட்சம் எழுத்துகள், 1700-க்குச் சற்று அதிகமான மரபணுக்கள். மனிதனுக்கோ 300 கோடி எழுத்துகள்! சத்துக் குறைந்த நடுக்கடலில், தேவையில்லாததை எல்லாம் உதறிவிட்டு வாழக் கற்ற சிக்கனக்கார உயிர் இது. ஆழத்தில் வாழும் வகைக்குச் சுமார் 24 லட்சம் எழுத்துகள்.

2014-ல் இன்னொரு ஆச்சரியம். செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஜீனோமைப் படித்தபோது, ஒரே இடத்து நீரில் நூற்றுக்கணக்கான துணை இனக்கூட்டங்கள் தெரிந்தன. தனித்தனியாக ஏழை, கூட்டமாகச் சேர்ந்தால் பெரும் பணக்காரர்! 2019-ல் சிஷமுக்குக் கிராஃபோர்டு பரிசு கிடைத்தது.

ஆனால் சிக்கனத்துக்கும் ஒரு விலை உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-ல் வெளியிட்ட ஆய்வின்படி, கடல்நீர் சுமார் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இந்த உயிர் பெருகும் வேகம் சரிகிறது. வெப்பத்தைச் சமாளிக்க உதவும் சில மரபணுக்களையும் அது முன்பே உதறிவிட்டது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

இரைச்சல் என்று ஒதுக்கியிருந்தால், கடலின் உணவுச் சங்கிலிக்கே அடித்தளமாக இருக்கும் ஓர் உயிர் தவிப்பதுகூட நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.