இணைய மோகமும் மனோ சிகிச்சையும்

கொழும்பு நகரின் கிழக்கு எல்லையைக் கடந்தால் கொலன்னாவைப் பகுதி தொடங்குகின்றது. அப்பகுதியைச் சேர்ந்ததே அங்கொடை. ஊர்ப் பெயராயிருந்த அச்சொல் நாளடைவில் ஓர் ஏச்சுச் சொல்லாயிற்று. “இவனை அங்கொடைக்கு அனுப்ப வேண்டும்” என்னும் கேலி வெள்ளவத்தையிலும் கேட்கும், கொட்டாஞ்சேனையிலும் கேட்கும். இரவெல்லாம் கைத்தொலைபேசியை விட்டுப் பிரியமாட்டாத பிள்ளையை மனோ வைத்தியரிடம் அழைத்துச் செல்லப் பெற்றோர் நாணுவதற்கு இக்கேலியும் ஒரு காரணமாகும். இதன் பின்னே நெடியதொரு வரலாறு உண்டு.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1847ஆம் ஆண்டு, பொரளையில் மனநோயாளருக்கென ஒரு விடுதி அமைக்கப்பட்டது. 1884இல் அது கறுவாத்தோட்டத்திற்கு மாறியது. அங்கும் இடம் போதாமையால் 1920களில் அங்கொடையில் பெரியதொரு வைத்தியசாலை எழுந்தது. மனநோய்க்குத் தக்க மருந்து இல்லாத காலம் அது. நோயாளரை ஊராரிடமிருந்து பிரித்து, மதிலுக்குள் வைத்துக் காப்பதே அன்றைய முறை. 1950களில் புதிய மருந்துகள் வந்தன. 1960களில், ஒருவனுடைய தவறான எண்ணங்களை அவனே கண்டறிந்து திருத்தப் பழக்கும் சிகிச்சையை ஆரன் பெக் என்னும் அமெரிக்க வைத்தியர் வகுத்தார். காலத்தோடு அங்கொடையும் மாறி, 2008இல் தேசிய மனநல நிறுவகம் என்னும் பெயரைப் பெற்றது. ஏச்சு மட்டும் மாறவில்லை.

இலங்கையில் இணைய சேவை வணிக முறையில் தொடங்கியது 1995ஆம் ஆண்டிலாகும். அதே ஆண்டில் நியூயோர்க் நகர மனோ வைத்தியர் ஐவன் கோல்ட்பேர்க், வைத்திய நூல்களின் நடையைப் பரிகசிக்கும் நோக்குடன் “இணைய அடிமை நோய்” என்றொரு நோயைக் கற்பித்து, அதற்குக் குறிகளையும் எழுதி வைத்தார். அவர் எழுதியது விளையாட்டாக. ஆனால் அந்நோய் தமக்கு உண்டென்று மெய்யாகவே கூறுவோர் தோன்றினர். மறு ஆண்டில் ரொறன்ரோவில் நடைபெற்ற அமெரிக்க உளவியலாளர் மகாநாட்டில் கிம்பர்லி யங் என்னும் அம்மையார் இதனை ஆராய்ச்சிப் பொருளாகவே எடுத்துரைத்தார்.

இதன்பின் உலகம் இரு வழிகளிற் சென்றது. ஒன்று வன்மையின் வழி. சீனாவின் லின்யி நகர வைத்தியசாலை ஒன்றில், இணையத்தை விடாத இளைஞருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டு யூலையில் சீனச் சுகாதார அமைச்சு அதனை நிறுத்துமாறு பணித்தது. தென் கொரியா 2011இல், பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டுகளில் ஈடுபடுவதைச் சட்டத்தாற் தடுத்தது. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நடந்த அச்சட்டம் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நீக்கப்பட்டது.

மற்றையது மனத்தைப் பழக்கும் வழி. யங் அம்மையார் வகுத்த முறையில், நோயாளி இணையத்தில் எப்பொழுது, எவ்வளவு நேரம் செலவிடுகின்றார் என்பது முதலில் குறிக்கப்படும். காலையில் எழுந்தவுடன் தொலைபேசியைத் தொடுபவர், உணவருந்திய பின்னரே தொட வேண்டும். இணையத்தால் விளைந்த தீங்குகள் ஐந்தையும், அதனைக் குறைத்தால் வரும் நன்மைகள் ஐந்தையும் சிறு அட்டைகளில் எழுதி உடன் வைத்திருக்க வேண்டும். பின்னர், “அங்கே மட்டுமே எனக்கு மதிப்பு உண்டு” என்பது போன்ற எண்ணங்கள் ஆராயப்படும். இறுதியாக, தனிமை, குடும்பப் பிணக்கு, பரீட்சை அச்சம் முதலிய அடிப்படைத் துன்பங்களுக்குப் பரிகாரம் தேடப்படும். இணையத்தை முற்றாகத் துறத்தல் இதன் நோக்கமன்று. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடமே கைத்தொலைபேசி வழியாக வந்ததைக் கண்டோர்க்கு, முற்றுந் துறத்தல் இயலாதென்பது விளங்கும்.

இத்தகைய சிகிச்சையின் பயனை ஜேர்மானிய ஆய்வாளர் 143 ஆண்களிடத்துச் சோதித்து, முடிவை 2019இல் வெளியிட்டனர். வாரந்தோறும் கூடும் 15 குழு அமர்வுகளும், 8 வரையான தனி அமர்வுகளும் நடைபெற்றன. சிகிச்சை பெற்றோரில் பத்துக்கு ஏழுபேர் அளவில் நோயினின்றும் நீங்கினர். காத்திருப்புப் பட்டியலில் இருந்தோரிலோ நாலில் ஒரு பங்கினரும் நீங்கினாரல்லர். உலக சுகாதார நிறுவனமும் அதே ஆண்டில், கணனி விளையாட்டிற் கட்டிழத்தலை நோய்ப் பட்டியலில் ஏற்றுக்கொண்டது. நமக்கு அண்மையில், பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு 2014 முதல் இயங்குகின்றது.

இவ்வழி நம் நாட்டுக்கு அந்நியமானதென எண்ண வேண்டியதில்லை. இலங்கையிற் பிறந்து இலண்டனில் உளவியல் கற்பித்த பத்மால் டி சில்வா, பௌத்த நூல்களில் நடத்தைச் சிகிச்சைக்கு ஒப்பான முறைகள் உள்ளமையை 1984இல் எடுத்துக்காட்டினார். தகாத எண்ணம் எழும்போது அதற்கு மாறான எண்ணத்தைக் கொள்ளுதல், அதனால் வரும் கேட்டை நினைத்தல், கவனத்தை வேறிடத்திற் செலுத்துதல், அதன் காரணத்தை ஆராய்தல் ஆகியவை அங்கே கூறப்பட்டுள்ளன. தீங்குகளை எழுதிய அந்தச் சிறு அட்டையும் கேட்டை நினைக்கச் செய்யும் கருவியே அன்றோ?

தொலைபேசியைப் பறித்து அலுமாரியிற் பூட்டும் தகப்பனார், அறியாமலே பழைய மதிலை வீட்டுக்குள் எழுப்புகின்றார். பிள்ளை அடுத்த வீட்டுத் தொலைபேசியைத் தேடும். அதனை எதற்காகத் தேடுகின்றது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாமற் போகும். அதனைக் கேட்டறிவதே சிகிச்சையின் முதற்படி. மதிலுக்குப் பெயர்பெற்ற அதே அங்கொடை நிறுவகம் இன்று 1926 என்னும் இலக்கத்தில், மனத்துயருற்றோர் பேச்சைத் தொலைபேசியிற் கேட்கின்றது. பிள்ளையை வருத்தும் கருவியைக் கொண்டே அப்பிள்ளைக்கு உதவி தேடலாம். அவ்வாறு தேடுவோர் பெருகும் நாளில், அங்கொடை என்பது மீண்டும் ஓர் ஊரின் பெயராகும்.