பிளேஃபோர்டின் நீண்ட ஆட்சி: தொகுதிக் கணக்கும் பொதுத்துறையும்

தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் முதல்வராக 1938 நவம்பர் முதல் 1965 மார்ச் வரை, 26 ஆண்டுகளுக்கும் மேலாக இடைவெளியின்றி ஆண்டவர் டாமஸ் பிளேஃபோர்டு. அவரைக் குறித்து இரண்டு மதிப்பீடுகள் நிலவுகின்றன. கோதுமையையும் கம்பளியையும் நம்பியிருந்த மாநிலத்தைத் தொழில் மாநிலமாக்கியவர் என்பது ஒன்று. நேர்மையற்ற தொகுதிப் பங்கீட்டால் நாற்காலியில் நிலைத்தவர் என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனிக் கணக்காக எழுதி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்ப்பதே வழக்கமாக இருந்து வருகிறது. ஆனால் அவை ஒன்றையொன்று சார்ந்தவை. கிராமத் தொகுதிகள் தந்த பாதுகாப்பே தம் கட்சியின் செல்வர்களை எதிர்த்துப் பொதுத்துறையைக் கட்ட அவருக்கு இடம் கொடுத்தது. அந்தப் பொதுத்துறை பெருக்கிய தொழிலாளர் குடியிருப்புகளே பிறகு அந்தப் பாதுகாப்பை உடைத்தன. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டக்காரரின் அரசியல் பிரவேசம்

பிளேஃபோர்டு 1896இல் தலைநகர் அடிலெய்டை அடுத்த மலைப்பகுதியான நார்ட்டன் சம்மிட்டில் பிறந்தார். அதே பெயர் கொண்ட அவருடைய தாத்தா பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருமுறை முதல்வராக இருந்தவர். பேரனோ 13 வயதில் பள்ளியை விட்டுக் குடும்பத்தின் செர்ரித் தோட்டத்தைக் கவனிக்க நேர்ந்தது. முதல் உலகப் போரில் கலிப்போலியில் போரிட்டு, 1916இல் பிரான்சில் படுகாயமடைந்தார். 1933இல் முர்ரே தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குச் சென்றார். 1938 முதல் 1968 வரை குமராக்கா தொகுதியின் உறுப்பினராக இருந்தார்.

அவரைக் காத்த தொகுதிச் சட்டம் அவர் இயற்றியதன்று. 1936இல் அப்போதைய முதல்வர் ரிச்சர்ட் பட்லரின் அரசு சட்டமன்றத்தை 39 இடங்களாக்கி, 26ஐக் கிராமப்புறத்துக்கும் 13ஐ அடிலெய்டுக்கும் ஒதுக்கியது. 1938இல் பட்லர் நடுவண் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் போட்டியிடப் பதவி விலக, முதல்வர் பதவி பிளேஃபோர்டுக்கு வந்தது; பட்லர் அந்த இடைத்தேர்தலில் தோற்றுப்போனார். எனினும் அந்தச் சட்டத்தைக் கடைசிவரை கட்டிக்காத்தவர் அவரே. 'பிளேமாண்டர்' என்று அதற்கு அவர் பெயரே நிலைத்ததில் அநியாயம் ஒன்றுமில்லை. இரு பெரும் கட்சிகளுக்கிடையிலான கணக்கில் 1944, 1953, 1962 ஆகிய மூன்று தேர்தல்களிலும் தொழிற்கட்சியே பெரும்பான்மை வாக்குப் பெற்றது. ஆட்சி மட்டும் மாறவில்லை. 1962இல் அக்கட்சிக்கு 19 இடம், பிளேஃபோர்டின் லிபரல் நாட்டுப்புறக் கட்சிக்கு 18. சுயேச்சைகளின் ஆதரவோடு அவர் தொடர்ந்தார். அச்சுயேச்சைகளில் ஒருவரான டாம் ஸ்டாட் அவைத்தலைவரானார்.

மின்சாரத்தில் வெளிப்பட்ட பிளவு

இந்தப் பாதுகாப்பு எதற்குப் பயன்பட்டது என்பதை மின்சார நாட்டுடைமையில் தெளிவாகக் காணலாம். அடிலெய்டு மின் நிறுவனம் நியூ சவுத் வேல்ஸ் நிலக்கரியை நம்பி இயங்கியது. அங்கே சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தால் இங்கே விளக்கும் ஆலையும் தள்ளாடின. மாநிலத்தின் வடக்கே லீ கிரீக்கில் தரம் குறைந்த கரி கிடந்தது. அதை எரிக்க நிறுவனம் தயங்கியது. அரச விசாரணைக் குழுவின் பரிந்துரையின்மேல் நிறுவனத்தை அரசுடைமையாக்க பிளேஃபோர்டு மசோதா கொண்டுவந்தார். 1945இல் அதை மேலவையில் வீழ்த்தியவர்கள் அவருடைய கட்சிக்காரர்களே. அவர் விடவில்லை; 1946இல் மீண்டும் கொண்டுவந்தார். தொழிற்கட்சியின் ஆதரவும், மனம் மாறிய மேலவை உறுப்பினர் ஒருவரின் வாக்கும் சேர, தெற்கு ஆஸ்திரேலிய மின்சார அறக்கட்டளை பிறந்தது.

இதில் ஓர் அமைப்பியல் காரணம் உண்டு. சொத்துள்ளவர்க்கே வாக்குரிமை என்றிருந்த மேலவை அடிலெய்டுச் செல்வர்களின் கோட்டை. பிளேஃபோர்டின் பலமோ சட்டமன்றத்தின் கிராமத் தொகுதிகளில் இருந்தது. மின் நிறுவனப் பங்குதாரரின் இழப்பு கோதுமை விவசாயியின் இழப்பன்று. மாறாக, தன் பண்ணைக்கு மின்கம்பி வரும் என்ற எதிர்பார்ப்பு அவருக்கு இருந்தது. நகரச் செல்வர்களுக்கோ போக வேறு கட்சியில்லை. ஆகவே வலதுசாரி முதல்வர் ஒருவர் இடதுசாரிக் கட்சியின் வாக்குகளோடு நாட்டுடைமை செய்தும் பதவியில் நிலைக்க முடிந்தது.

வீட்டு வாடகையும் ஆலைக் கூலியும்

தொழில்மயத்தின் கணக்கை வகுத்துத் தந்தவர் மாநிலத் தலைமைத் தணிக்கையாளர் வெயின்ரைட். வாடகை குறைந்தால் வாழ்க்கைச் செலவு குறையும்; அது குறைந்தால் கூலியைக் குறைவாக வைக்கலாம்; கூலி குறைவென்றால் ஆலைகள் கிழக்கு மாநிலங்களை விட்டு இங்கு வரும். 1936இல் தொடங்கிய வீட்டுவசதி அறக்கட்டளை இந்தத் தர்க்கத்தின் கருவி. 1955இல் அது அடிலெய்டுக்கு வடக்கே எலிசபெத் நகரை நிறுவியது. பிரிட்டனிலிருந்து குடிபெயர்ந்தோர் ஏராளமாக அங்கே வந்தனர். ஹோல்டன் கார் ஆலையும் வந்தது. வயல்லாவின் இரும்புத் தொழிலுக்காக முர்ரே ஆற்று நீர் மோர்கனிலிருந்து ஏறத்தாழ 360 கி.மீ. குழாயில் 1944இல் கொண்டுசெல்லப்பட்டது.

போர்க்காலம் வந்திராவிட்டால் இவ்வளவும் நடந்திருக்காது என்ற மறுப்பு உண்டு. அதில் உண்மையும் உண்டு: நடுவண் அரசு சாலிஸ்பரியிலும் ஹெண்டனிலும் கட்டிய படைக்கலத் தொழிற்சாலைகளே பின்னர் வந்த தொழில்களுக்கு அடித்தளம். ஆனால் தொழிற்சாலைக் கட்டடங்களைப் போர் தந்தது; போர் முடிந்தபின் அவற்றுக்கு மின்சாரமும் நீரும் தொழிலாளருக்கு வீடும் தந்தது மாநில அரசு.

தோல்வி பயமில்லாத ஆட்சிக்கு வேறொரு முகமும் இருந்தது. 1959இல் ரூப்பர்ட் மேக்ஸ் ஸ்டூவர்ட் என்ற பழங்குடியினர் ஒருவரின் மரண தண்டனை குறித்து எதிர்ப்பு எழுந்தபோது, பிளேஃபோர்டு அரச விசாரணைக் குழு அமைத்தார். அதன் மூவரில் ஒருவர் அந்த வழக்கை விசாரித்த நீதிபதி. மற்றொருவர் மேல்முறையீட்டுக்குத் தலைமை தாங்கியவர். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. ஆனால் தன் தீர்ப்பைத் தானே சரிபார்க்கும் விசாரணை என்ற குறை ஆட்சியின் மேல் படிந்தது. கேள்வி கேட்போரைப் பொருட்படுத்தாத பழக்கம் ஒரே நாளில் வந்ததன்று.

வளர்ச்சியே வீழ்த்தியது

அவர் பதவியேற்றபோது சுமார் ஆறு லட்சமாக இருந்த மாநில மக்கள்தொகை, விலகும்போது பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. பெருகியவர்களில் பெரும்பாலோர் நகரத்தவர். ஆலைகளையும் அரசு வீடுகளையும் சார்ந்தவர். நகரம் வளர்ந்து, சட்டம் கிராமம் என்று வகுத்த தொகுதிகளுக்குள்ளேயே புகுந்தது. அடிலெய்டின் விளிம்புக் குடியிருப்புகள் பரவிய பரோசா தொகுதியை 1965இல் தொழிற்கட்சியின் மாலி பைர்ன் கைப்பற்றினார், கிளெனெல்கும் வீழ்ந்தது. 21 இடங்களுடன், கல்தச்சராக இருந்த ஃபிராங்க் வால்ஷ் முதல்வரானார். பழைய தொகுதிப் பங்கீடு மட்டும் அப்போதும் மாறவில்லை: 1968 தேர்தலில் ஃப்ரோம் என்ற கிராமத் தொகுதியில் பதிவான செல்லுபடி வாக்குகள் சுமார் 4,500. நகரத் தொகுதியான என்ஃபீல்டில் சுமார் 42,000. அந்தத் தேர்தலில் குறைந்த வாக்குப் பெற்றும் முதல்வரான ஸ்டீல் ஹால், பிளேஃபோர்டின் கட்சிக்காரராக இருந்தும், அவையை 47 இடங்களாக்கிப் பெரும்பான்மையை நகரத்துக்கு அளித்தார். 1970இல் தொழிற்கட்சி 27 இடங்களில் வென்றது.

பிளேஃபோர்டின் வளர்ச்சிப் பணி அவர் ஆண்ட முறைக்கு மன்னிப்பாகாது. அந்த முறையின் அநீதி அவர் கட்டியவற்றைப் பொய்யாக்கவும் செய்யாது. வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமின்றிக் கட்டப்பட்ட மாநிலம், வளர்ந்ததும் முதலில் கேட்டது அந்தப் பதிலைத்தான். அவருடைய ஆட்சிக்காலத்தை மதிப்பிடுவோர் மின்நிலையத்தையும் தொகுதி வரைபடத்தையும் ஒன்றாக வைத்தே படிக்க வேண்டும்.